பிஎச்டி ஐந்தாம் வருடம், எல்கேஜி போகும் மகள், ஒரு பைனாகுலர்: எதை விடுவது?

#1 தையல்சிட்டு (கோவை)

வணக்கம். இங்கே பெரும்பாலும் படித்துவிட்டுப் போகிறவள்தான், எழுதுவது குறைவு. இப்போது நாலு பேரிடம் கேட்க வேண்டியிருக்கிறது.

கரிம வேதியியலில் முழுநேர பிஎச்டி. 2021-ல் சேர்ந்தேன். அப்போது மகள் கைக்குழந்தை, இப்போது எல்கேஜி. கணவருக்குப் பம்ப் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அத்தை எங்களோடு இருக்கிறார். அவர் இல்லாவிட்டால் நான் லேப் பக்கமே போயிருக்க முடியாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாரும் அவரைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள்.

எனக்கு இருக்கும் ஒரே கிறுக்கு, பறவை பார்ப்பது. எம்எஸ்சி படிக்கும்போது ஒரு சீனியர் சிங்காநல்லூர் குளத்துக்குக் கூட்டிப்போனார், அன்றைக்குப் பிடித்தது. இப்போது தினமும் காலையில் மொட்டை மாடியில் கால் மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு குளம். பார்த்ததை ஈபேர்டில் (பறவைப் பதிவுச் செயலி) ஏற்றிவிடுவேன். அவ்வளவுதான்.

போன வாரம் டிசி (ஆலோசனைக் குழு) மீட்டிங். இரண்டு காம்பவுண்டுக்கு என்எம்ஆர் (மூலக்கூறின் அமைப்பையும் சுத்தத்தையும் காட்டும் சோதனை) சுத்தமாக வரவில்லை. பேப்பர் ஒன்று ரிவிஷனில் தொங்குகிறது. மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது கைடு, "ஒரு வருஷம் அந்த பைனாகுலரைத் தூக்கிப் பரண்ல போடும்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, நல்லதுக்குத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்தால் அத்தையும் அதையே வேறு மாதிரிச் சொன்னார்: "குருவி எங்க போயிரப் போகுது?"

என் நாள் இப்படி ஓடுகிறது. ஐந்தே காலுக்கு எழுந்தால் சமையல் பாதி முடித்து ஆறரைக்கு மாடி. ஏழிலிருந்து எட்டே கால் வரை மகளைக் கிளப்புவது. ஷூ ஒரு கால் கிடைக்காது, இட்லி வேண்டாம் தோசை வேண்டும், எல்லாருக்கும் தெரிந்த கதை. ஒன்பதரைக்கு லேப். வேன் பன்னிரண்டரைக்கு அவளை வீட்டில் விடும், அதன்பிறகு அத்தை பொறுப்பு. ஆறு மணிக்கு நான் வீட்டில் இருந்தாக வேண்டும், அத்தைக்கு முட்டி வலி. ஒன்பதரைக்கு அவள் தூங்கிய பிறகு லேப்டாப்பைத் திறந்தால் பாதி நாள் நானும் தூங்கிவிடுகிறேன்.

ஊக்கமூட்டும் வார்த்தை வேண்டாம், அது நிறையக் கிடைக்கிறது. குழந்தையும் ஆராய்ச்சியும் வைத்துக்கொண்டு வேறு ஏதாவது ஒன்றையும் பிடித்துக்கொண்டிருப்பவர்கள் உங்கள் வாரம் எப்படி ஓடுகிறது என்று சொல்லுங்கள். விட்டவர்களும் சொல்லுங்கள்.

#2 பாதிப்பக்கம் (சென்னை)

விட்டவன் பேசுகிறேன். வரலாற்றில் பிஎச்டி, முடித்தாயிற்று. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பழைய வருவாய்த் துறைக் கோப்புகளோடு குடும்பம் நடத்தியவன். மகன் அப்போது இரண்டாம் வகுப்பு. வாரம் ஒரு நாள் லீக் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தேன். நான்காம் வருடம் மட்டையை எடுத்துப் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன். ஒன்றரை வருடத்தில் தீசிஸ் சமர்ப்பித்தேன்.

உங்கள் கைடு சொல்வது சரி. கால் மணி நேரம் என்பது கணக்கில்தான் கால் மணி நேரம். மனசு எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி. மாடியில் இருந்து இறங்கும்போது அந்தப் பறவை என்ன என்று யோசித்துக்கொண்டே இறங்குவீர்கள். அதை யோசிக்கிற மூளைதான் உங்கள் என்எம்ஆரையும் யோசிக்க வேண்டும்.

குழந்தையை விட முடியாது, ஆராய்ச்சியை விடக் கூடாது. மிச்சம் இருப்பது எது? கடினமாகச் சொல்வதாக நினைக்க வேண்டாம், கேட்டதால் சொன்னேன்.

#3 உருப்படி (ஈரோடு)

மேலே சொன்ன சாரோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அவர் முடித்துவிட்டார், நான் இன்னும் முடிக்கவில்லை என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள்.

சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஒன்றில் உதவிப் பேராசிரியர், மெக்கானிக்கல். பகுதிநேர பிஎச்டி. இரண்டு பிள்ளைகள், ஒன்று யூகேஜி, ஒன்று நடக்கப் பழகுகிறது. பதினாறு வருஷமாக மிருதங்கம்.

பகுதிநேரம் என்றால் வேலை பாதி, ஆராய்ச்சி பாதி என்று வெளியில் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேலை முழுசு, மிச்சம் இருப்பதில் ஆராய்ச்சி. நாக் கமிட்டி (கல்லூரிக்குத் தர மதிப்பீடு செய்பவர்கள்) வரும் வருடம் என்றால் அந்த மிச்சமும் கிடையாது, எல்லாம் ஃபைல் தயாரிப்பதில் போய்விடும். என் தப்பித்தல் என்னவென்றால் என் வேலை சிமுலேஷன். ராத்திரி ரன் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் முடிந்திருக்கும், அல்லது கன்வர்ஜ் ஆகாமல் பாதியில் நின்றிருக்கும். பெரும்பாலும் இரண்டாவது.

மிருதங்கத்துக்கு வருகிறேன். வாசிக்க உட்காருவதே ஒரு வேலை. தொப்பிக்கு (இடது பக்கத் தோல்) ரவை பிசைந்து ஒட்ட வேண்டும், சுருதி பார்க்க வேண்டும், முடித்ததும் ரவையை வழித்துத் துடைக்க வேண்டும். சின்னவன் அந்த ரவையை எடுத்து வாயில் போட்டுக்கொள்வான். இதற்கே நாற்பது நிமிடம் போனால் வாசிப்பது எப்போது? அதனால் வார நாட்களில் வாத்தியத்தையே தொடுவதில்லை. வாயால் சொல்கட்டு (தாளச் சொற்கள்) மட்டும். பெரியவளைக் குளிப்பாட்டும்போது மிஸ்ர சாபு (ஏழு எண்ணிக்கைத் தாளம்): தகிட தகதிமி, ஏழுக்கு ஒரு சொம்பு தண்ணீர். அவள் இப்போது தாளம் தப்பினால் தலையைக் காட்ட மாட்டாள். கல்லூரிக்கு பைக்கில் போகும் வழியில் ஒரு கோர்வையை மனதில் வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஞாயிறு மட்டும் ரவை, வாத்தியம், முழு ஒரு மணி நேரம்.

கச்சேரிக்குக் கூப்பிட்டால் போவதில்லை. ஒத்திகை, பயணம், அப்புறம் நடுராத்திரி வீடு திரும்பி மறுநாள் முதல் பீரியடு என்று அது இரண்டு நாளைத் தின்றுவிடும். அதாவது பெரிய வடிவத்தை விட்டேன், சின்ன வடிவத்தை விடவில்லை. உங்களுக்கும் மாடியும் குளமும் இரண்டு வேறு விஷயங்கள் என்று படுகிறது.

#4 கருங்காடு (ஃபிரைபர்க், ஜெர்மனி)

நான் உயிரியல், மகனுக்கு மூன்று வயது. இங்கே பிஎச்டி மாணவர் என்றால் பல இடங்களில் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலைதான், பாதிச் சம்பளம் அல்லது மூன்றில் இரண்டு பங்கு. பிரசவ விடுப்பு, பிறகு பெற்றோர் உதவித்தொகை எல்லாம் உண்டு. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், பொதுக் காப்பீட்டில் இருக்கும் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் 2024 முதல் ஒரு குழந்தைக்கு வருடம் 15 நாள், ஊதியத்தில் பெரும்பகுதியைக் காப்பீடே கொடுக்கும். தற்காலிகப் பல்கலை ஒப்பந்தங்களுக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு குழந்தைக்கு இரண்டு வருடம் உச்சவரம்பைக் கூட்டவும் இடம் இருக்கிறது.

ஊரில் இருப்பவர்கள் இதைப் படித்துப் பெருமூச்சு விட வேண்டாம். உச்சவரம்பு கூடும், ஆனால் பேராசிரியரிடம் பணம் இருந்தால்தான் ஒப்பந்தம் நீளும். குழந்தைகள் காப்பகத்தில் ஆள் பற்றாக்குறை என்று காலை ஏழு மணிக்கு மெயில் வரும், "இன்று மதியத்தோடு மூடுகிறோம்" என்று. குளிர்காலத்தில் மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. அத்தையோ அம்மாவோ பக்கத்தில் இல்லை. சட்டம் பிள்ளைக்குச் சோறு ஊட்டாது.

என் பொழுதுபோக்கு கேட்டால் சிரிப்பீர்கள்: தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பு பார்ப்பது. நாட்டுடைமையான பழைய புத்தகங்களின் ஸ்கேனை மென்பொருள் எழுத்தாக மாற்றி வைத்திருக்கும், அதில் உள்ள பிழைகளை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் அச்சான புத்தகம் என்றால் பழைய ணா, றா, னா, பழைய லை, னை எல்லாம் வரும், மென்பொருள் அங்கே தடுமாறும். ஒரு பக்கம் பத்து நிமிடம். முடித்தால் சிவப்பாக இருந்த பக்க எண் மஞ்சளாகும். இன்னொருவர் வந்து சரிபார்த்தால் பச்சை. மகன் தூங்கும்வரை பக்கத்தில் படுத்திருக்க வேண்டும், கை சும்மாதானே இருக்கிறது.

ஆறு மாதமாக ஒரு புரதம் எனக்குப் படிகமாக மாட்டேன் என்கிறது. ராத்திரி ஒரு பக்கமாவது மஞ்சளாவது எனக்குத் தேவையாக இருக்கிறது. முடிவு தெரிகிற வேலை ஒன்று வேண்டும், அவ்வளவுதான்.

#5 தையல்சிட்டு

நன்றி. உருப்படி சார், தண்ணீர் சொம்பு விஷயத்தைக் கணவரிடம் படித்துக் காட்டினேன், இரண்டு நாளாக எங்கள் வீட்டுக் குளியலறையில் தகிட தகதிமி.

பாதிப்பக்கம் சார், நீங்கள் சொன்னதை யோசித்தேன். என் விஷயத்தில் மனசு எங்கே இருக்கிறது என்பது சிக்கல் இல்லை. சிக்கல் ஆறு மணி. என் வேலையைத் துண்டு போட முடியாது. சிலிக்கா காலம் (column, கலவையைப் பிரித்தெடுக்கும் சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாய்) ஒன்றை ஏற்றிவிட்டால் நடுவில் நிறுத்திவிட்டுப் போக முடியாது. காய்ந்தால் விரிசல் விடும், உள்ளே இருக்கும் காம்பவுண்டும் சிலிக்காவிலேயே கிடந்து கெடும். மற்ற ஸ்காலர்கள் மதியம் சாப்பிட்டுவிட்டு ஆரம்பித்து ராத்திரி எட்டரை வரை ஓட்டுவார்கள். எனக்கு ஐந்தரைக்குக் கை கழுவ வேண்டும். அதற்குப் பயந்து மதியத்துக்கு மேல் எதையும் ஆரம்பிக்காமல், கடைசியில் மதியம் முழுக்க மெயில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். காலை மாடியில் போகும் கால் மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தால் இந்தக் கணக்கு மாறுமா?

மாடிக்கு மகளும் வருவாள். தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று பக்கத்துக் காலி மனையில் உண்டு. எத்தனை இருந்தாலும் அவள் எண்ணினால் பதினொன்று. ஏனென்றால் அவளுக்குப் பிடித்த எண் அது. செயலியில் நான் எட்டு என்று போட்டால் சண்டை.

#6 கரைப்பான் (திருச்சி)

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். பறவை பற்றி எனக்குத் தெரியாது, காலம் பற்றித் தெரியும். பிஎச்டி முடித்து இப்போது நாலு ஸ்காலர்களோடு லேப் நடத்துகிறேன், அதில் இரண்டு பேர் அம்மாக்கள்.

தோழி, வேலையைத் துண்டு போட முடியாது என்பது பாதிதான் உண்மை. ரியாக்ஷன் ஓடட்டும், அது ராத்திரி முழுக்க ரிஃப்ளக்ஸில் இருக்கலாம் (ஆள் இல்லாமல் ஓட்ட உங்கள் லேபில் அனுமதி இருந்தால், தண்ணீர்க் குழாய் கிளாம்ப் சரியாக இருந்தால்). வொர்க்-அப் செய்து, சோடியம் சல்ஃபேட் போட்டு உலர்த்தி, ரோட்டாவில் (கரைப்பானை ஆவியாக்கும் கருவி) வாங்கியபிறகு பெரும்பாலான காம்பவுண்டுகள் ஃபிரிட்ஜில் ஒரு ராத்திரி தூங்கும். அது ஒரு நிறுத்தம். கச்சாப் பொருளைச் சிலிக்காவில் ஏற்றி உலர்பொடியாக்குவதை அன்று மாலையே செய்ய வேண்டாம், காலையில் செய்து உடனே ஏற்றுங்கள். சிலிக்காவில் கெடுமா என்று சந்தேகம் இருந்தால் இரு பரிமாண டிஎல்சி (சிலிக்கா பூசிய தட்டில் பிரித்துப் பார்க்கும் சோதனை) போட்டுப் பாருங்கள்: ஒரு திசையில் ஓட்டி, பிளேட்டை இரண்டு மணி நேரம் அப்படியே வைத்து, திருப்பி ஓட்டுங்கள். மூலைவிட்டக் கோட்டுக்கு வெளியே புள்ளி வந்தால் அது கெடுகிறது என்று பொருள்.

கிராவிட்டியில் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார வேண்டாம். கை பம்போ காற்றழுத்தமோ கொடுத்து ஃபிளாஷாக ஓட்டினால் ஒரு நடுத்தர காலம் ஒரு மணி நேரத்துக்கு உள்ளே முடியும். ஹெக்சேன், எத்தில் அசிட்டேட் விகிதத்தை முன்னாலேயே டிஎல்சியில் பார்த்து, உங்கள் புள்ளி கால்வாசி உயரத்துக்கு வரும்படி வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் என் மாணவிகளுக்குச் சொல்வேன்: காலம் என்பது காலை பத்து மணி வேலை. மதியம் டிஎல்சி, ஃபிராக்ஷன் சேர்ப்பது, என்எம்ஆருக்கு சாம்பிள் எடுப்பது. மதியத்துக்கு என்று கைவேலைகள் தனியாக ஒரு பட்டியல் ஃபியூம் ஹூட் கண்ணாடியில் மார்க்கரில் இருக்கட்டும்.

என்எம்ஆர் சுத்தமாக வரவில்லை என்றீர்கள். 4.1, 2.05, 1.26 பக்கம் பீக் தெரிந்தால் அது மிச்சமிருக்கும் எத்தில் அசிட்டேட் கரைப்பான்தான், பதறாதீர்கள். டைகுளோரோமீத்தேனில் கரைத்து இரண்டு தடவை ரோட்டாவில் வாங்கி, ராத்திரி வேக்குவத்தில் போட்டுவிட்டு மறுபடி எடுங்கள்.

இன்னொன்று. லேப் கோட் வீட்டுக்கு வரக் கூடாது. லேப் செருப்பு தனி. குழந்தையைத் தூக்குமுன் முழங்கை வரை கழுவுங்கள். தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

#7 பேரனுக்குப் பாட்டி (மதுரை)

எல்லாரும் படித்தவர்கள் பேசுகிறீர்கள், நடுவில் நான் வரலாமா தெரியவில்லை. என் மகள் காமராசர் பல்கலைக்கழகத்தில் பிஎச்டி செய்கிறாள். பேரனை நான் பார்க்கிறேன். அந்தப் பெண் "அத்தைக்கு முட்டி வலி" என்று எழுதியதைப் பார்த்ததும் என்னைப் பற்றி யாரோ எழுதினமாதிரி இருந்தது.

ஒன்று கேட்கிறேன் அம்மா. ஞாயிற்றுக்கிழமை நீ குளத்துக்குப் போனால் பிள்ளை யாரிடம்? உன் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் என்கிறாய். அப்படியென்றால் அன்றைக்கும் அத்தைதானே? "குருவி எங்க போயிரப் போகுது" என்று அவர் சொன்னது குருவிக்காக இருக்காது. வாரத்தில் ஒரு காலை தனக்கு வேண்டும் என்று நேரே சொல்ல எங்கள் தலைமுறைக்கு வராது, அதைச் சுற்றித்தான் சொல்வோம். நான் என் மகளிடம் "உனக்கு எதுக்கு இந்த ஓட்டம்" என்று சொன்னதெல்லாம் பாதி எனக்காகத்தான். எனக்கு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கோயிலில் திருப்புகழ் வகுப்பு உண்டு. பேரன் பிறந்தபிறகு போகவில்லை. அதைக் கேட்க அவளுக்கு இரண்டு வருஷம் ஆனது, கேட்டதும் மருமகன் வெள்ளிக்கிழமை சீக்கிரம் வர ஆரம்பித்தார்.

உனக்குக் குருவி மாதிரி அவருக்கும் ஏதாவது இருக்கும். கேட்டுப் பார்.

#8 கருங்காடு

பாட்டியம்மா, கைகொடுங்கள்.

#9 பாதிப்பக்கம்

பாட்டியம்மா சொன்னது சரியான கேள்வி, எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அது என் பக்கத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஆராய்ச்சி மாணவரின் பொழுதுபோக்கு நேரம் வானத்திலிருந்து விழுவதில்லை, வீட்டில் யாரோ ஒருவர் கொடுக்கிறார். என் கிரிக்கெட்டுக்கு என் மனைவி கொடுத்தார்.

அப்புறம் காலக் கெடு. யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி ஆறு வருடம்தான். 2021 என்றால் 2027-ல் கதவு மூடும். இந்த நிலையில் ஞாயிற்றுக்கிழமைக் குளம் ஆடம்பரம்.

#10 கோப்புக்கட்டு (சென்னை)

விதியைப் பற்றிப் பேச்சு வந்ததால் குறுக்கிடுகிறேன். ஒரு பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் இதே கோப்புகளைப் பார்க்கிற வேலை எனக்கு.

யுஜிசியின் இப்போதைய பிஎச்டி விதிமுறை 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன்னால் பதிவு செய்தவர்கள் பழைய விதிகளின் கீழேயே தொடர்வார்கள். 2021-ல் சேர்ந்த இவருக்கு 2016 விதி. அதன்படி உச்சவரம்பு ஆறு வருடம், பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கும் கூடுதலாக இரண்டு வருடம் தளர்வு உண்டு. ஆக எட்டு. புதிய விதியில் வருகிறவர்களுக்கு ஆறு, மறுபதிவின் வழியாக இன்னும் இரண்டு, பெண்களுக்கு அதற்கு மேல் இரண்டு, மொத்தம் பத்துக்கு மிகக் கூடாது. மகப்பேறு, குழந்தை வளர்ப்பு விடுப்பு இரண்டு விதியிலும் 240 நாள் வரை. பழைய விதியில் அது ஒரே தடவை.

இன்னொரு வித்தியாசம். 2016 விதியில் தீசிஸ் கொடுப்பதற்குமுன் ஒரு ஆய்விதழ்க் கட்டுரையும் இரண்டு மாநாட்டு உரையும் கட்டாயம். 2022-ல் யுஜிசி அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது, ஆனால் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கின்றன. அதனால் ரிவிஷனில் நிற்கும் பேப்பரை முதலில் முடியுங்கள்.

தளர்வு தானாக வந்து சேராது. ஆறாம் வருடம் முடிய நாலைந்து மாதம் இருக்கும்போதே விண்ணப்பம், கைடு பரிந்துரை, ஆலோசனைக் குழுக் கூட்டக் குறிப்பு, கட்டணம் கட்டிய ரசீது எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். கெடு முடிந்த மறுநாள் அழுதுகொண்டு வருபவர்களைப் பார்த்துப் பார்த்துச் சொல்கிறேன். கல்விக் கட்டணம் ஒரு செமஸ்டர் விட்டுப்போயிருந்தாலும் கோப்பு நகராது.

ஒன்று மட்டும்: எட்டு வருடம் இருக்கிறது என்பதால் எட்டு வருடம் எடுக்காதீர்கள். உதவித்தொகை ஐந்தோடு நின்றுவிடும். ஜேஆர்எஃப் (இளநிலை உதவித்தொகை) மாதம் 37,000, எஸ்ஆர்எஃப் (முதுநிலை) 42,000 என்று 2023-ல் உயர்த்தினார்கள், ஆனால் அது ஆறாம் வருடத்துக்கு வராது.

#11 நெறியாளர்

இதற்குக் கீழே இருந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். "குழந்தை பெற்றபிறகு எதற்கு பிஎச்டி" என்ற கேள்வி இந்த இழையில் யாரும் கேட்டதல்ல. தொடருங்கள்.

#12 உருப்படி

240 நாள் விஷயத்தில் ஒரு வயிற்றெரிச்சல். அப்பாக்களுக்கு அந்த விதியில் ஒரு நாள் கிடையாது. விடுப்பு வேண்டும் என்று கேட்டு எழுதவில்லை. அம்மாவுக்கு மட்டும் எழுதிவைத்தால், குழந்தை அம்மாவின் வேலை என்று விதியே சொன்னமாதிரி ஆகிறது. என் ஆறு மாத ரிவ்யூவில் பிள்ளைகளைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அதே குழுவில் என் கூடப் படிக்கும் பெண்ணிடம் ஒவ்வொரு தடவையும், "வீட்டுல யாரும்மா பாத்துக்கறாங்க?" என்னிடம் கேட்டால், "நாந்தான் சார் குளிப்பாட்டறேன்" என்று சொல்லிவிடுவேன், கேட்டால்தானே.

எழுதுவதைப் பற்றி யாரும் பேசவில்லை. லேப் வேலை முடிந்தாலும் தீசிஸ் எழுதுவது தனிப் பூதம். எனக்கு இரவு ஒத்துவரவில்லை. நாலரைக்கு எழுந்து ஐந்தரை வரை. முதல் நாளே கடைசி வரியைப் பாதியில் விட்டுவிட்டுப் படுப்பேன், காலையில் அதை முடிப்பதில் வண்டி கிளம்பிவிடும். சின்னவன் எழுந்துவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். நொந்துகொள்வதில்லை, படங்களுக்குத் தலைப்பு எழுதுவது, ரெஃபரன்ஸ் சரிபார்ப்பது மாதிரி மடியில் பிள்ளையோடு செய்யக்கூடியதை அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

#13 மக்காச்சோளம் (அயோவா, அமெரிக்கா)

தாமதமாக வருகிறேன். இங்கே ஒரு கோணம். நான் எஃப்-1 (மாணவர்) விசாவில் பிஎச்டி, கணவர் எஃப்-2 (மாணவரின் துணைவர்). அந்த விசாவில் அவர் வேலைக்குப் போக முடியாது. ஊரில் சிவில் இன்ஜினியர். இங்கே முழுநேர அப்பா. வெளியிலிருந்து பார்த்தால் எனக்கு எல்லா வசதியும் இருக்கிறது. ஆனால் என் பொழுதுபோக்கைப் பற்றிப் பேசுமுன் அவருக்கு வீட்டுக்கு வெளியே ஒரு காரணம் வேண்டியிருந்தது. இப்போது சனிக்கிழமை பூராவும் அவர் பல்கலைக்கழக மரவேலைக் கூடத்தில், ஞாயிறு மதியம் நான் பானை வனையும் சக்கரத்தில். மகன் மாறி மாறி இரண்டு இடத்திலும் அழுக்காகிறான். பாட்டியம்மா சொன்னதுதான், ஆளை மட்டும் மாற்றிப் போடுங்கள்.

#14 தையல்சிட்டு

எல்லாருக்கும் பதில் எழுத இன்றைக்குத்தான் முடிந்தது. மகளுக்கு வைரல் காய்ச்சல், அது எனக்கும் வந்து, அத்தைக்கும் வந்து போனது.

கரைப்பான் சார், நீங்கள் சொன்ன பீக்கேதான். 4.1-ல் நாலு முனையோடு நிற்கிறது. ஒரு காம்பவுண்டு வேக்குவத்தில் போட்டபிறகு சுத்தமாகிவிட்டது. இன்னொன்று அப்படி இல்லை, அது நிஜமாகவே கலப்படம், மறுபடி காலம் போட வேண்டும். இப்போது காலையிலேயே ஏற்றிவிடுகிறேன். ஹூட் கண்ணாடிப் பட்டியலைப் பார்த்துவிட்டு ஜூனியர் பையனும் தன் பெயரில் ஒன்று எழுதிவைத்திருக்கிறான்.

கோப்புக்கட்டு சார், அந்த ஒரு கட்டுரை விஷயம் எனக்குத் தெரியும், ஆனால் வரிசை இப்படி என்று யாரும் சொன்னதில்லை. ரிவிஷன் இந்த வாரம் போகிறது.

பாட்டியம்மா, அத்தையிடம் கேட்டேன். முதலில் "எனக்கென்ன வேணும், ஒண்ணும் வேண்டாம்" என்றார். மூன்றாம் நாள் தோசை ஊற்றிக்கொண்டே, பேரூர் கோயிலுக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய தங்கையோடு போக வேண்டும், ஆனால் அந்த நேரம் எனக்குக் குளம் என்பதால் கேட்கவில்லை என்றார். ஆகவே ஞாயிறு காலை இனி அவருக்கு. கணவருக்கு நைட் ஷிப்ட் இல்லாத சனிக்கிழமைகளில் சாயங்காலம் எனக்குக் குளம், மகளும் வருவாள். உக்கடம் பெரியகுளத்தில் சாயங்கால வெளிச்சம் கூழைக்கடாவுக்கு நன்றாகத்தான் இருக்கும், நடைபாதையில் சோளம் விற்பவர் இருப்பதால் அவளும் ஒரு மணி நேரம் தாங்குவாள்.

பாதிப்பக்கம் சார், ஒன்று சொல்ல வேண்டும். "பறவை பார்த்தால் மனசு அமைதியாகி ஆராய்ச்சி நன்றாக நடக்கும்" என்று உங்களுக்குப் பதில் எழுதிவிட்டு அழித்துவிட்டேன். அது உண்மை இல்லை. தாழைக்கோழியைப் பார்த்து எனக்கு எந்த ரியாக்ஷனும் ஈல்டு கூடியதில்லை. தீசிஸுக்கு உதவுகிறது என்று நிரூபித்தால்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால், மகளைக்கூட அப்படி நிரூபிக்க முடியாது. எனக்குப் பிடித்திருக்கிறது, அதனால் பார்க்கிறேன். கைடிடமும் இதையே சொன்னேன், கொஞ்சம் மரியாதையாக. அவர் "பேப்பர் எப்ப போகுது?" என்று மட்டும் கேட்டார்.

பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க நாலு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், 2015-லிருந்து நடக்கிறது. கால் மணி நேரம் மொட்டை மாடியில் நின்று எண்ணி ஏற்றினாலும் சேர்த்துக்கொள்வார்கள். இழையில் யாருக்காவது ஆசை இருந்தால் சொல்லுங்கள், செயலியை எப்படிப் பயன்படுத்துவது என்று தனியாக எழுதுகிறேன்.

#15 பாதிப்பக்கம்

மகளை உள்ளே இழுத்தது ஆட்டத்துக்கு வெளியே அடித்த அடி. ஆனாலும் ஏமாற்றாமல் பேசினீர்கள், அதற்கு மரியாதை. என் கருத்து மாறவில்லை. சினாப்சிஸ் (தீசிஸ் சுருக்கம்) கொடுத்ததும் இங்கே வந்து சொல்லுங்கள்.

#16 கரைப்பான்

மறு காலத்துக்கு எத்தில் அசிட்டேட்டைக் குறைத்து, டைகுளோரோமீத்தேன் கலந்து டிஎல்சி பாருங்கள். சில சமயம் கலவையை மாற்றினாலே இரண்டு புள்ளியும் பிரிந்துவிடும்.

#17 பேரனுக்குப் பாட்டி

பேரூருக்கு அவர் போகட்டும், பட்டீஸ்வரர் நல்லது செய்வார். எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வாசலில் நிற்கும் பைக் கண்ணாடியை ஒரு கறுப்புக் குருவி தினமும் வந்து கொத்து கொத்தென்று கொத்துகிறது. வெயிலில் நீலமாக மின்னுகிறது, அலகு வளைந்து ஊசி மாதிரி. பேரன் அதுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்கிறான். பாவமாக இருக்கிறது. ஏதாவது செய்யலாமா?

#18 தையல்சிட்டு

அது ஊதாத் தேன்சிட்டு, ஆண். பைத்தியம் இல்லை பாட்டியம்மா. கண்ணாடியில் தெரிவது தன் இடத்துக்கு வந்த இன்னொரு ஆண் என்று நினைத்துச் சண்டை போடுகிறது. பக்கத்தில் எங்கேயோ கூடு கட்டியிருக்கும். பைக்கை நிறுத்தியதும் கண்ணாடிக்கு ஒரு பழைய சாக்ஸை மாட்டிவிடுங்கள், இனப்பெருக்கக் காலம் முடிந்தால் தானாக விட்டுவிடும். வீட்டு மரத்திலோ துணிக் கொடியிலோ சிலந்தி வலையும் சருகும் ஒட்டின பை மாதிரி ஏதாவது தொங்குகிறதா என்று பேரனைத் தேடச் சொல்லுங்கள். தொட வேண்டாம், தூரத்திலிருந்து பார்த்தால் போதும்.